நின்றதன் விலை: ஒரு பழைய செஸ்னா 172 கைமாறிய விவரம்

2024 தை மாதம் 62 லட்சம் என்று விலை சொன்ன விமானம், அதே ஆண்டு புரட்டாசியில் 38.5 லட்சத்துக்குப் போனது. விமானம் என் தாய்மாமாவுடையது. விற்றுக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. இத்தனை லட்சம் எங்கே போயிற்று என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். புரோக்கர் ஏமாற்றிவிட்டார் என்கிறார் ஒருவர், வாங்கினவர் அடித்துப் பேசிவிட்டார் என்கிறார் இன்னொருவர். நடந்ததை வரிசையாகச் சொன்னால் விலை எங்கே இறங்கியது என்பது தானாகத் தெரியும். நம் பக்கத்தில் சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. விற்கப் போகும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைப்பது அதைவிடக் குறைவு. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மாமாவுக்குக் குமாரபாளையத்தில் மில். 2003-இல் வடக்கே ஒரு பறக்கும் கழகத்திடமிருந்து இந்த விமானத்தை வாங்கினார். 1979-இல் தயாரான செஸ்னா 172என், நான்கு இருக்கை, ஒற்றை இன்ஜின், லைகாமிங் கம்பெனி செய்த ஓ-320-எச்2ஏடி, 160 குதிரைத் திறன். இந்த வகையில் 172 வரிசை முழுவதும் சேர்த்து 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். உலகத்தில் இவ்வளவு எண்ணிக்கையில் தயாரான விமானம் வேறு இல்லை. உதிரிபாகம் கிடைக்கும், வேலை தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். பழைய விமானம் வாங்குகிறவர்கள் முதலில் இதைத் தேடுவது அதற்காகத்தான்.

நிறுத்தி வைத்தது சேலம் விமான நிலையத்தில், காமலாபுரத்தில். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை காரில் சங்ககிரி வழியாகப் போய், ஏழு மணிக்குள் மேலே ஏறி, சேர்வராயன் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, மேட்டூர் அணை வரை போய்த் திரும்பிவிடுவார். வெயில் ஏறினால் மலையோரம் காற்று உதறும் என்று ஒன்பது மணிக்கு மேல் பறக்கவே மாட்டார். 2022 தொடக்கத்தில் கண் பார்வைக் குறையால் மருத்துவச் சான்றிதழைப் புதுப்பிக்க முடியவில்லை. அதோடு பறப்பது நின்றது. அப்போது அவருக்கு 69 வயது.

விற்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொள்ள அவருக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடத்தில்தான் எல்லாமே நடந்தது.

விலை போட்ட விதம்

நானும் மச்சானும், அதாவது மாமா பையனும், உட்கார்ந்து விலை போட்டோம். விமானத்தின் உடம்பு மொத்தம் 5,900 மணி நேரம் பறந்தது. இன்ஜின் 2013 மார்ச்சில் ஓவர்ஹால் ஆனது, அதாவது முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்கப்பட்டது, அதற்கப்புறம் ஓடியது 640 மணிதான். லைகாமிங் இந்த இன்ஜினுக்குச் சொல்லும் கெடு 2,000 மணி. ஆக மூன்றில் ஒரு பங்குகூட ஓடவில்லை, இன்னும் 1,360 மணி பாக்கி என்று கணக்குப் போட்டோம். வெளிநாட்டு விலைகளைப் பார்த்து, ரூபாயாக்கி, இந்தியாவில் கிடைப்பது அரிது என்று மேலே கொஞ்சம் ஏற்றி, 62 என்று நிறுத்தினோம்.

அந்தக் கெடுவுக்கு இரண்டு கால் உண்டு. ஒன்று 2,000 மணி, இன்னொன்று 12 ஆண்டு. எது முந்துகிறதோ அதற்குள் ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது லைகாமிங். ரப்பர், சீல், கேஸ்கெட் எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகும். உள்ளே துருவும் ஏறும். 2013 மார்ச் இன்ஜினுக்கு 2025 மார்ச்சோடு கெடு முடிகிறது. நாங்கள் விலை சொன்ன அன்றைக்குப் பாக்கி இருந்தது 1,360 மணி இல்லை, 14 மாதம். இது எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல. பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கில் தேதி கண் முன்னால் இருந்தது. விற்கிற ஆசையில் மணியை மட்டும் படித்தேன்.

அடுத்தது நிறுத்தி வைத்த முறை. லைகாமிங் இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. இன்ஜின் நின்றதும் எண்ணெய் மெல்ல வடிந்து கீழே போய்விடும். மேலே இருக்கும் கேம்தான் முதலில் காய்கிறது, முதலில் துருப்பிடிக்கிறது. அடிக்கடி பறந்தால் ஒவ்வொரு முறையும் புது எண்ணெய் பூசப்படும். எண்ணெய் வெப்பம் 74 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ஏறி, அந்தச் சூட்டில் தொடர்ந்து ஒரு மணி நேரமாவது, 30 நாளுக்குள் ஒரு தடவையாவது பறந்திருக்க வேண்டும் என்பது லைகாமிங் சொல்லும் அளவு. முடியாது என்றால் பாதுகாப்பு எண்ணெய் ஊற்றி ஓட்டி, ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றி அந்த இடத்தில் ஈரம் உறிஞ்சும் ப்ளக்குகளைப் போட்டு, புகைக்குழாய், காற்று வரும் வாய் எல்லாவற்றையும் அடைத்து வைக்க வேண்டும். ஒரு நாள் வேலை. ஆகும் செலவு, பின்னால் நாங்கள் இழந்ததோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

நாங்கள் செய்தது வேறு. முதல் 14 மாதம் தொடவே இல்லை. அப்புறம் மச்சான், "சும்மா நின்னா கெட்டுப் போயிருமுங்க" என்று பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போய், தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி அணைத்துவிட்டு வந்தான். காருக்கு அப்படித்தானே செய்கிறோம். ஆனால் பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்க்குள் இறங்குகிறது. ஒரு மணி நேரம் பறந்தால் அது ஆவியாகி வெளியே போய்விடும். பத்து நிமிடத்தில் எண்ணெய் அந்தச் சூட்டுக்கு வருவதே இல்லை. ஒவ்வொரு தடவையும் உள்ளே புதுத் தண்ணீர் சேர்த்துவிட்டுத்தான் அணைத்திருக்கிறோம். அவன் பாசத்தோடு செய்த காரியம் அது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தடுத்துச் சொல்ல வேண்டியவன் நான்.

இதில் இந்த இன்ஜினுக்கென்று ஒரு பழைய பெயரும் உண்டு. எச்2ஏடி மாடலில் கேமும், அதன் தள்ளலை வால்வுப் பக்கம் கொண்டுபோகும் டேப்பட்டும் சீக்கிரம் தேய்கிற சிக்கல் வந்து, எண்ணெயோடு ஒரு சேர்க்கையைக் கட்டாயமாகக் கலக்கச் சொல்லி 1980-லேயே அமெரிக்காவில் உத்தரவு போட்டார்கள். 172என் வாங்க வருகிற, விவரம் தெரிந்த எந்த ஆளும் முதல் கேள்வி கேமைப் பற்றித்தான் கேட்பார்.

வந்தவர்கள்

விலை சொல்லி மூன்று வாரத்தில் நிறைய போன். பாதிப் பேர் சும்மா கேட்டவர்கள். பங்க் பெட்ரோல் ஊற்றி ஓட்டலாமா என்று கேட்டவர்கள் மட்டும் நாலைந்து பேர். இந்த இன்ஜினுக்கு அது ஆகாது; 100 ஆக்டேன் விமானப் பெட்ரோல்தான். அது முன்பு முழுக்க இறக்குமதி, 2022-இல் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிக்கத் தொடங்கியது. வாங்குகிறவர் தன் ஊருக்குப் பேரல் பேரலாக வரவழைத்து, பாதுகாப்பாக வைத்துக்கொள்ள வழி பார்க்க வேண்டும். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால், உண்மையாக வாங்க நினைப்பவர் யார் என்பது தெரிந்துவிடும்.

மாசி கடைசியில் திருச்செங்கோட்டிலிருந்து ஒருவர் வந்தார். போர்வெல் ரிக் தொழில். அதோடு நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டலும் இருந்தது. விமானத்தை ஒரு சுற்று நடந்து பார்த்தார். எதையும் தொடவில்லை, லாக்புக்கைக் கேட்கவில்லை. மாமாவைத் தனியாக இறக்கை நிழலுக்குக் கூட்டிப்போய், தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவர் கைமேலும் போட்டார். அந்தியூர்ச் சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவது மாதிரியே, துண்டுக்கடியில் விரலைப் பிடித்தார்.

"முப்பத்தாறுங்கண்ணா. நாளைக்கே பணம். சோதனை கீதனை ஒண்ணும் வேண்டாமுங்க."

மாமா கையை எடுக்கவில்லை. "எங்கீங்க நிறுத்துவீங்க?" என்று கேட்டார்.

"ஓட்டல் முன்னாடிதானுங்க. இறக்கையக் கழட்டி லாரில ஏத்தி, அங்க போயி மாட்டிக்கலாமுங்க. கொழந்தைங்க ஏறி உக்காந்து போட்டோ எடுத்துக்கும்."

மாமா துண்டை மடித்து அவர் தோளிலேயே போட்டார். "பறக்கற வண்டிங்க அது," என்றார். அவ்வளவுதான் பேச்சு. வந்தவரும் மரியாதையாகவே கிளம்பினார். அவர் கேட்டதில் தப்பும் இல்லை. அன்றைக்கு எனக்கு மாமா செய்தது சரி என்றே பட்டது, விலையும் 62-க்குப் பக்கத்தில் எங்கோ நிற்கும் என்ற நினைப்பும் கூட இருந்தது. பின்னால் கணக்கைப் பார்த்தபோதும் மாமா செய்தது சரி என்றுதான் சொல்கிறேன். ஆனால் அந்த 36 என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புரோக்கர் ஒருவரும் வந்தார். விமானத்தைப் பார்க்காமலேயே 55-க்கு ஆள் இருக்கிறது என்றார், முன்பணமாகக் கமிஷன் கேட்டார். கொடுக்கவில்லை.

பங்குனியில் மதுரையிலிருந்து ஒரு கண் மருத்துவர் பேசினார். தனியார் விமானி உரிமம் வைத்திருப்பவர். அவர் கேட்ட முதல் கேள்வி விலை இல்லை. "ஓவர்ஹால் எந்த வருஷம் சார்? அதுக்கப்புறம் எந்த மாசமெல்லாம் பறக்கலை?" மணிக்கணக்கை அவர் கடைசியில்தான் கேட்டார். சோதனைக்கு உட்பட்டு 52 என்றார். இரண்டு லட்சம் முன்பணம், இரண்டு பக்க ஒப்பந்தம்: சோதனைச் செலவு அவருடையது; பறக்கத் தகுதியைத் தொடும் குறை ஏதாவது வந்தால் விலையைத் திரும்பப் பேசலாம், இல்லாவிட்டால் விலகிக்கொள்ளலாம், முன்பணம் முழுதாகத் திரும்பும்; பெயின்ட், சீட் துணி மாதிரி கண்ணுக்குத் தெரிகிறவற்றுக்குப் பேச்சில்லை. இந்த இரண்டு பக்கம்தான் கடைசி வரைக்கும் எங்களுக்குள் முகச்சுளிப்பு வராமல் காத்தது. யாராக இருந்தாலும் இதை எழுதாமல் விமானத்தின் ஒரு திருகைக்கூட கழற்ற விடாதீர்கள்.

வெள்ளோட்டம் ஒன்று போனோம். ஏஆர்சி என்கிற வருடாந்திரத் தகுதிச் சான்று அப்போது உயிரோடு இருந்தது. இன்ஷூரன்ஸில் பெயர் உள்ள பயிற்றுநர்தான் இடது இருக்கையில் உட்கார்ந்து ஓட்டினார். டாக்டர் வலது இருக்கையில். வாங்க வந்தவர் ஆசைப்படுகிறார் என்று ஓட்டக் கொடுத்து, ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். 45 நிமிடம் பறந்து இறங்கினார்கள். எண்ணெய் அழுத்தம் பச்சையில், சத்தத்தில் ஒரு குறையில்லை, சுழற்சியும் சரி. எங்களுக்கெல்லாம் முகம் மலர்ந்துவிட்டது.

சோதனை

டாக்டர் சார்பில் வந்த பொறியாளர் ஓசூர்க்காரர், பெங்களூரில் வேலை. சித்திரை வெயிலில் இரண்டு நாள் இருந்தார். முதல் நாள் மத்தியானம் வரை விமானத்தின் பக்கமே போகவில்லை. உடம்பு, இன்ஜின், ப்ரொப்பல்லர் என்று மூன்று லாக்புக்கையும் மேசைமேல் விரித்து, ஒவ்வொரு பக்கமாகக் குறிப்பெடுத்தார். சீட் தண்டவாளத்துக்கான உத்தரவு செய்யப்பட்டிருக்கிறதா என்று தேடினார். இந்த செஸ்னாக்களில் சீட் பூட்டுத் தேய்ந்து, மேலே ஏறும்போது சீட் பின்னால் ஓடிவிடும்; விமானியின் கை கட்டுப்பாட்டுக்கு எட்டாமல் போய் விபத்துகள் நடந்திருக்கின்றன. 100 மணிக்கு அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தது. உடம்பிலும் அவருக்குக் குறை தெரியவில்லை. கடற்கரை ஊர் விமானத்தில் ரிவெட் ஓரங்களில் வெள்ளைப் பொடி கிளம்பியிருக்கும். சேலத்து வறண்ட காற்றில் அது இல்லை. இறக்கையின் பின்னோரத்தில் அசையும் பலகைகளான ஏலரான்களின் கீல்களை மட்டும் கையால் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். வெளியே கட்டி நிறுத்திய ஆடி மாதங்களில் காற்று அவற்றை அடித்து அடித்துக் கொஞ்சம் தளர்த்தியிருந்தது. வேகத்தை அளக்கும் பிடோ குழாயில் குளவி மண் கட்டியிருந்தது. இதெல்லாம் சில்லறை.

அப்புறம் இன்ஜின் லாக்புக்கில் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "2022 பிப்ரவரிக்கு அப்புறம் அடுத்த என்ட்ரி 2023 மேயா சார்?"

"ஆமாங்க."

"நடுவுல இன்ஹிபிட் பண்ணின என்ட்ரி எங்கே?"

பாதுகாப்பு எண்ணெய் ஊற்றி அடைத்து வைப்பதைத்தான் இன்ஹிபிட் என்றார். இல்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை கம்ப்ரஷன். சிலிண்டருக்குள் 80 அழுத்தத்தில் காற்றை விட்டு, எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது. 75, 73, 76, கடைசியில் 64. கடைசி சிலிண்டரில் புகைக்குழாய் ஓரமாகக் காதை வைத்தால் 'உஸ்' என்று சன்னமாகக் கேட்டது. வெளியேற்றும் வால்வு சரியாக உட்காரவில்லை. 60-க்குக் கீழே போனால்தான் கவலை என்றார். மூச்சு வந்தது.

எண்ணெய் ஃபில்டரைக் கழற்றி, அதற்கான வெட்டுக் கருவியில் வைத்துச் சுற்றி வெட்டினார். உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தைத் தனியாக எடுத்து, வைஸில் வைத்து எண்ணெயைப் பிழிந்தார். வெள்ளைத் துணி கேட்டார். மாமா தன் தோள்துண்டைக் கொடுத்தார், குமாரபாளையத்துத் துண்டு, அன்றைக்குத்தான் மடிப்புப் பிரித்தது. அதன்மேல் காகிதத்தை முழ நீளத்துக்கு விரித்து, வெளிச்சத்தில் சாய்த்தார். அங்கங்கே மின்னியது. காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மேலே நகர்த்தினார். மின்னியவை எழுந்து பையோடு ஒட்டிக்கொண்டன. பத்துப் பன்னிரண்டு இருக்கும், மீன் செதில் உடைந்த துண்டு மாதிரி. அலுமினியமாக இருந்தால் ஒட்டாது. இது இரும்பு.

எச்2ஏடி மாடலில் ஒரு சௌகரியம்: டேப்பட்டுகள் பீப்பாய் வடிவம், இன்ஜினைப் பிளக்காமலேயே வெளியே இழுத்துவிடலாம். மற்ற பெரும்பாலான லைகாமிங்குகளில் அது முடியாது. ஒரு சிலிண்டரின் மூடியைத் திறந்து, தள்ளுகோலை எடுத்துவிட்டு, டேப்பட்டை உருவி மாமா உள்ளங்கையில் வைத்தார். கேமோடு உரசும் முகம் கண்ணாடி போல இருக்க வேண்டும். நடுவில் அப்படித்தான் இருந்தது. ஓரத்தில் பிறை வடிவில், அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். நகத்தை ஓட்டினால் தட்டியது. அந்தத் துளை வழியாக போரோஸ்கோப் என்கிற மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு கேமைக் காட்டினார். கேமின் புடைப்பான லோபின் மூக்கில் அதே தழும்பு.

மாமா வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். "நான் ஓட்டுனப்ப இது இப்பிடி இல்லீங்க தம்பி," என்றார்.

"ஓட்டியிருந்தா இப்படி ஆகியிருக்காது சார்."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. மருத்துவர் நோயாளியிடம் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

வெள்ளோட்டத்தில் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். லோபு தேய்ந்தால் வால்வு திறக்கும் உயரம் இம்மியளவு குறையும், இன்ஜினின் திறன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், ஓட்டுகிறவர் பழகிவிடுவார், ஃபில்டர்தான் முதலில் சொல்லும் என்றார். நாங்கள் கடைசியாக எண்ணெய் மாற்றியபோது ஃபில்டரை வெட்டிப் பார்க்காமல் தூக்கிப் போட்டிருந்தோம். கேமை மாற்ற இன்ஜினைப் பிளக்க வேண்டும். பிளந்தால் அது ஓவர்ஹால்தான். உதிரிபாகம், கூலி எல்லாம் சேர்த்து வந்த மதிப்பீடு 27 லட்சம்.

பேச்சு

டாக்டர் விலகியிருக்கலாம். ஒப்பந்தத்தில் அந்த உரிமை அவருக்கு இருந்தது. விலகாமல் குமாரபாளையத்துக்கே வந்தார். மில் ஆபீஸில் உட்கார்ந்து பேசினோம்.

மாமா மணிக்கணக்கைப் பிடித்தார்: 2,000-இல் 640-தான் ஓடியிருக்கிறது, அந்தப் பங்கை மட்டும் கழியுங்கள். டாக்டர் காலண்டரைப் பிடித்தார்: 12 வருடத்தில் 11 முடிந்துவிட்டது, கேமும் போய்விட்டது, இன்ஜின் எனக்குச் சும்மா மாதிரிதான். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் உண்மையில் அந்த இன்ஜினைக் கொன்றது இரண்டும் இல்லை, பறக்காமல் நின்ற மாதங்கள். அதற்கு எந்தக் கணக்கிலும் கட்டமில்லை. கடைசியில் ஓவர்ஹால் செலவில் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. 52-இல் 13.5 போக 38.5.

துண்டுக்கடியில் கேட்ட விலையைவிட இரண்டரை லட்சம் கூட. அதற்குள் போன மாதங்கள், போக்குவரத்து, ஹேங்கர் வாடகை எல்லாவற்றையும் கழித்தால் பெரிதாக ஒன்றும் நிற்காது. ஆனால் விமானம் விமானமாகவே இருக்கும்.

விலை சொல்வதற்கு முன்னால் நாங்களே ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து ஃபில்டரை வெட்டியிருந்தால்? குறையை முதலிலேயே எழுதி, ஒரு 45 என்று சொல்லியிருந்தால் 42-க்காவது சித்திரைக்குள் முடிந்திருக்கும் என்பது என் எண்ணம். விற்கிறவர் தானே சொன்ன குறைக்கு வாங்குகிறவர் ஒரு விலை வைக்கிறார். அவராகக் கண்டுபிடித்த குறைக்கு, இன்னும் எதை மறைத்தார்களோ என்ற பயத்தையும் சேர்த்து விலை வைக்கிறார். டாக்டர் நல்ல மனிதர் என்பதால் அந்தப் பயத்தைப் பெரிதாக ஏற்றவில்லை.

காகிதம்

ஆனியில் கைகுலுக்கினோம், எழுத்து முடிந்தது புரட்டாசியில். நடுவில் முழுக்கக் காகிதம்தான்.

விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ கொடுத்த பதிவுச் சான்றில் ஒரு வங்கியின் பெயர் அடமானதாரராக இருந்தது. 2003-இல் வாங்கிய கடன், 2009-லேயே அடைத்தாயிற்று. அடைத்ததும் சான்றில் அந்தப் பெயரை நீக்கச் சொல்லி எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 15 வருடத்தில் அந்த வங்கி வேறொன்றோடு இணைந்து, கிளையும் இடம் மாறியிருந்தது. பழைய கடன் எண்ணைக் கண்டுபிடித்துத் தடையில்லாச் சான்று வாங்க ஏழு வாரம். லாரிக்குக் கடன் முடிந்தால் மறுநாளே ஆர்சி புத்தகத்தில் வங்கிப் பெயரை எடுத்துவிடுகிற ஊர்க்காரர்கள் நாங்கள், விமானத்துக்கு மறந்துவிட்டோம்.

டாக்டரின் வக்கீல் சுங்க ரசீதையும் கேட்டார். முதலில் விமானத்தைக் கொண்டுவந்தது பறக்கும் கழகம். பயிற்சிக்கென்று சலுகையில் வந்த விமானம் தனியார் உபயோகத்துக்கு மாறினால் வரி கட்டியாயிற்றா என்ற கேள்வி வரும். நல்லவேளை, மாமா வாங்கிய அன்றே கேட்டு வாங்கி வைத்திருந்தார். இரும்பு பீரோவில் தறிக் கடன் பத்திரங்களுக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில் இருந்தது.

வரி விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். விமானம் மில் பெயரில் இல்லாமல் மாமாவின் சொந்தப் பெயரில் இருந்தது பெரிய நிம்மதி. கம்பெனிச் சொத்தாக இருந்தால் ஜிஎஸ்டி குறுக்கே வந்திருக்கும். தனிப்பட்ட உபயோக விமானத்துக்கு அப்போது 28 சதவீதமும் 3 சதவீத செஸ்ஸும். 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். விலை சொல்வதற்கு முன்பே ஆடிட்டரிடம் போய்விடுங்கள்.

பணம் ஆர்டிஜிஎஸ்ஸில் மாமா கணக்குக்கு வந்த பிறகு விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து. அதே தேதியில் மாமாவின் இன்ஷூரன்ஸ் முடிந்து டாக்டருடையது தொடங்கியது, ஒரு இரவுகூட இடைவெளி விடவில்லை. லாக்புக்குகளை ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். பதிவு மாற்றத்துக்கான விண்ணப்பம் டிஜிசிஏ இணையதளத்தில். விடி என்று தொடங்கும் பதிவெழுத்து விமானத்தோடே போகும், புதிதாக எழுத வேண்டியதில்லை. ரேடியோ உரிமம் அப்படியில்லை. அதை வாங்கியவர் தன் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும்.

இன்ஜினை இறக்கி, மரப் பெட்டியில் அடைத்து, லாரியில் ஏற்றி அனுப்பினோம். மார்கழியில் திரும்பி வந்தது. புது ஏஆர்சி கிடைத்து, 2025 தை கடைசியில் ஒரு காலையில் டாக்டரும் பயிற்றுநரும் மதுரைக்கு எடுத்துப் போனார்கள். மாமா சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டைகளைத் தன் கையாலேயே எடுத்து ஓரமாக வைத்தார். ஏழு மணிக்குள் கிளம்பச் சொல்லி முந்தின இரவே இரண்டு தடவை போன் பண்ணியிருந்தார்.

ஒன்றை மட்டும் நான் விட்டுவிட்டேன். விமானத்தின் வாலருகில் ஒரு அவசர ஒலிபரப்பி இருக்கிறது. விழுந்தாலோ மோதினாலோ 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சேதி அனுப்பும். அது பெங்களூரில் இஸ்ரோ நடத்தும் கட்டுப்பாட்டு மையத்துக்கு வரும். அங்கே பதிவில் இருக்கும் எண்ணைத்தான் கூப்பிடுவார்கள். டிஜிசிஏ, வங்கி, இன்ஷூரன்ஸ் என்று எல்லா இடத்திலும் பெயர் மாற்றிய நான், அந்தப் பதிவை மாற்றவில்லை.

மாசியில் ஒரு சாயங்காலம் மாமாவுக்குப் போன் வந்தது. விடி எண்ணைச் சொல்லி, உங்கள் விமானத்திலிருந்து அவசரச் சேதி வருகிறது, எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். மாமா எழுந்து நின்றுவிட்டார். "மதுரையில இருக்குதுங்க, ஒரு நிமிஷம் இருங்க," என்று சொல்லி, இன்னொரு போனில் டாக்டரைப் பிடிக்கும் வரைக்கும் உட்காரவே இல்லை. விமானம் ஹேங்கரில் பத்திரமாக இருந்தது. பேட்டரி மாற்றும்போது சுவிட்சு தட்டியிருக்கிறது. கேட்டவர்களிடம் அதைச் சொல்லி முடித்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது.

அன்று ராத்திரியே டாக்டரோடு போனில் இருந்துகொண்டு படிவத்தை நிரப்பினேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எண்ணை எடுத்துவிட்டு டாக்டர் எண்ணைப் போட்டதும் கேட்டார்.

"அப்ப இனிமே எனக்குப் போன் வராதா மாப்ள?"

"வராதுங்க மாமா."

"செரி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவருகிட்ட எண்ணெய் மாத்தறப்ப ஃபில்டர வெட்டிப் பாக்கச் சொல்லு," என்றார்.